கையொப்பமிடுமுன் வாசியுங்கள்

இலண்டனில் அரச திணைக்களங்களிலும் மாநகர சபைகளிலும் எம்மவர் பலர் பணிபுரிகின்றனர். ஆண்டுமுடிவில் மேலதிகாரி எழுதும் மதிப்பீட்டில் 'முன்னேற்றம் தேவை' என்ற குறிப்பு விழுந்தால், அதை வாசித்தும் வாசியாமலும் கையொப்பமிட்டு வீடு திரும்புவோரே அதிகம். "வாய்திறந்தால் விசாவுக்கு இடைஞ்சல்" என்ற பேச்சு வேறு. வதிவிட உரிமை பெற்றுப் பல்லாண்டு கடந்தவர்களும் இதையே கூறுவதுதான் வியப்பு.

இதே நகரில் எம்மவர் ஒருவரின் வழக்கு வென்றதை நாம் மறந்துவிட்டோம். இலங்கை எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த செல்லையா கோடீஸ்வரனுக்கு 1962இல் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்டது. வேலையிற் குறைகண்டல்ல, 1961ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றறிக்கை கோரிய சிங்களத் தேர்ச்சி அவருக்கு இல்லை என்பதற்காகவே. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வென்றார். அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காட முடியாதென உயர் நீதிமன்றம் 1967இல் அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம், வழக்காட உரிமையுண்டு எனத் தீர்த்தது. மொழிச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்ற கேள்வியோ இலங்கை நீதிமன்றுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அதற்கு விடை வருமுன், 1972இல் அரசியலமைப்பே மாறிவிட்டது. எனினும் முடியை எதிர்த்து ஊழியர் வழக்காடலாம் என்ற நியாயத்தை ஓர் எழுதுவினைஞரின் பிடிவாதம் நிலைநாட்டியது.

இந்நாட்டு நிலைமையும் குறைபாடற்றதன்று. சிவில் சேவையில் 2013 முதல் சில ஆண்டுகள், பத்திலொருவர் கீழ்நிலையில் வகுக்கப்படுவர் என்ற எதிர்பார்ப்பு நடைமுறையில் இருந்தது. எல்லோரும் திறமையாய் உழைத்தாலும் யாரோ ஒருவர் கீழே போயாகவேண்டும்! தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, பின்னர் அது கைவிடப்பட்டது. எமது அகதிக் கோவைகளைக் கையாளும் உள்துறை அமைச்சிலேயே, பதவி உயர்வுக்கான பரீட்சையில் வெள்ளையரல்லாதோர் சித்திவீதம் வெள்ளையரின் வீதத்தில் 40.3 சதவீதமே என 2010இல் ஓர் அறிக்கை காட்டியது. ஏன் இவ்வேறுபாடு என்பதை ஊழியரே நிரூபிக்க வேண்டியதில்லை என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் எஸ்ஸொப் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். குறிப்பின் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். தம்மைப்பற்றி எழுதப்பட்டதைக் காணத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. மறுப்பை எழுத்தில், திகதியுடன் கொடுங்கள். முறைப்பாட்டு விசாரணைக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ உடனழைத்துச் செல்ல 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. நியாயசபைக்குச் செல்வதாயின் காலவரையறை குறுகியது, தள்ளிப்போடாதீர்கள்.

ஆங்கிலம் போதாதெனத் தயங்குவோருக்கு மறுப்பெழுதிக் கொடுக்க, எமது சங்கங்கள் கிழமையில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். தீபாவளி விருந்துக்கு மண்டபம் பிடிப்பதைவிடச் செலவு குறைந்த காரியம் இது.