பொய்யை நம்பிப் போட்ட பூட்டு

காரை ஓட்டிக்கொண்டே காப்பி குடித்தாளாம் ஒரு கிழவி. மேலே கொட்டிக்கொண்டாளாம். காப்பி சுட்டது என்று வழக்குப் போட்டு 29 லட்சம் டாலரை அள்ளிக்கொண்டு போனாளாம். அமெரிக்க நீதிமன்றங்களைக் கேலி செய்ய நினைப்பவர்கள் முப்பது ஆண்டுகளாக எடுத்துவிடும் கதை இது. கதையில் காப்பி கொட்டியதும் சுட்டதும் வழக்குப் போட்டதும்தான் உண்மை.

1992 பிப்ரவரியில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் நடந்த சம்பவம். காரை ஓட்டியவர் பேரன். வண்டி அப்போது நின்றுகொண்டிருந்தது. 79 வயதுப் பாட்டி, பாலும் சர்க்கரையும் கலக்க மூடியைத் திறந்தபோது மெக்டொனால்ட்ஸ் காப்பி மடியில் கொட்டியது. தொடையும் இடுப்புக்குக் கீழும் தோலின் முழு ஆழத்துக்கு வெந்துபோயின. எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டு சிகிச்சை. சமரசமாக அவர் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் நீட்டியது 800. அதன் பிறகுதான் அவர் நீதிமன்றப் படியேறினார்.

காப்பியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கச் சொன்னது நிறுவனத்தின் சொந்த விதி. பத்தாண்டுகளில் 700க்கும் மேற்பட்ட சூட்டுக்காயப் புகார்கள் வந்திருந்தன. அதற்காக விதியை மாற்றத் தேவையில்லை என்று நிறுவனத்தின் தர அதிகாரியே கூண்டேறிச் சொன்னார். ஜூரிகளும் கண்ணை மூடிக்கொண்டு வாரி வழங்கிவிடவில்லை. பாட்டி மீதும் 20 சதவீதத் தவறு என்று 2 லட்சம் இழப்பீட்டை 1,60,000 ஆக்கினார்கள். தண்டத் தொகை 27 லட்சம். அந்த நிறுவனத்தின் இரண்டு நாள் காப்பி விற்பனைக்கு அது ஈடு. அதையும் நீதிபதி 4,80,000 ஆக வெட்டினார். கடைசியில் வெளியே சொல்லப்படாத ஒரு தொகைக்கு வழக்கு சமரசமானது.

அந்தக் கேலிக் கதை வெறும் சிரிப்போடு போயிருந்தால் நாமும் விட்டுவிடலாம். இப்படிப்பட்ட கதைகள் ஊதிவிட்ட 'நாடே வழக்குப் பைத்தியம் பிடித்து அலைகிறது' என்ற பேச்சைக் காட்டித்தான் மாநிலம் மாநிலமாக இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். டெக்சாஸ் 2003இல் வைத்த வரம்பைப் பாருங்கள். மருத்துவத் தவறில் வலிக்கும் வேதனைக்குமாக, எத்தனை மருத்துவர்கள் தவறு செய்திருந்தாலும், அவர்கள் தரப்பிலிருந்து மொத்தம் 2,50,000 டாலர்தான். மருத்துவமனைகளுக்குத் தனி வரம்பு. சம்பள இழப்புக்கோ வரம்பே இல்லை! கை நிறையச் சம்பாதிப்பவர் முடங்கினால் தொகை ஏறிக்கொண்டே போகும். இல்லத்தரசியும் கைக்குழந்தையும் ஓய்வுபெற்ற முதியவரும் எந்தச் சம்பளச் சீட்டைக் காட்டுவார்கள்?

அற்ப வழக்குகளே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. அவற்றைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிபதிகளிடம் முன்பே இருக்கிறது. உச்சவரம்பு அற்ப வழக்கின் பக்கமே போவதில்லை. தவறு நிரூபணமாகி, காயமும் பெரிதென்று ஜூரிகள் ஒப்புக்கொண்ட வழக்கைத்தான் அது வெட்டுகிறது. காயம் எவ்வளவு பெரிதோ, வெட்டும் அவ்வளவு பெரிது. இதற்குச் 'சீர்திருத்தம்' என்று பெயர் சூட்டியிருப்பது வெட்கக்கேடு.

கலிபோர்னியா இதே 2,50,000 டாலர் வரம்பை 1975இல் வைத்தது. 47 ஆண்டுகள் கழித்தாவது, 2022இல், படிப்படியாக உயர்த்தச் சட்டம் செய்தது. டெக்சாஸ் இன்னும் 2003இன் தொகையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அம்மாநிலச் சட்டமன்றம் அந்த வரம்பை நீக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால், இத்தனை ஆண்டுகளில் ஏறிய விலைவாசியையாவது கணக்கிட்டுத் தொகையை உயர்த்த வேண்டும். காப்பி வழக்கைத் துணுக்காகப் போடும் பத்திரிகைகள், 29 லட்சம் என்று அச்சிடும் அதே வரியில் அந்த 800 டாலரையும் அச்சிட வேண்டும்.