மலையைக் காண்போரும் மலையைச் சுமப்போரும்

விடுமுறை பிறந்தால் செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் நெடுஞ்சாலையில் நம் ஊர் இளைஞரைச் சுமந்த வாகனங்கள் மேற்கு நோக்கிச் செல்கின்றன. உயர்தர வகுப்பு மாணவர், பல்கலைக்கழகத்தார், இளம் ஆசிரியர் எனப் பலர் அவற்றில் இருக்கின்றனர். முன்னாளில் நுவரெலியாப் பூந்தோட்டத்தைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய சுற்றுலா இன்று வேறு உருவம் பெற்றுவிட்டது. மலைச்சரிவுகளில் நெடுந்தூரம் நடத்தல், இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்தல், பணம் உடையோராயின் கம்பியிலே சறுக்கியோ துணிச்சிறகு பூண்டோ பள்ளத்தாக்கின்மேற் பறத்தல் என்னும் மூன்றும் ஒன்றாகக் கட்டி விற்கப்படுகின்றன.

நடத்தலையோ பறத்தலையோ நான் பழிக்க வரவில்லை. வாவியையும் வயல்வெளியையுமே கண்டு வளர்ந்த மட்டக்களப்புப் பிள்ளை மலையைக் காணத்தான் வேண்டும். உடலுக்கு உரமும் உள்ளத்துக்குத் துணிவும் தரும் பயணத்தை எந்த ஆசிரியன் வெறுப்பான்? நான் வெறுப்பது இப்பயணங்கள் நம் மாணவருக்குப் பழக்கும் பார்வையையே. மலையிலே பனி தெரிகின்றது, பச்சை தெரிகின்றது, அந்தப் பச்சையை உண்டாக்கிய மனிதர் தெரிவதில்லை. தெரிந்தாலும் காட்சிக்கு அழகு சேர்க்கும் பொருளாகவே தெரிகின்றனர். இந்தக் குருட்டுத்தனத்துக்கு 'இயற்கை இரசனை' என்று பெயர் சூட்டுகின்றோம்.

முதலில் நடைபாதையை எடுத்துக்கொள்வோம். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல ஆகிய இடங்களின் வழியே சென்று நுவரெலியாவில் முடிவுறும் 'பீக்கோ' நடைபாதை இன்று உலகெங்கும் விளம்பரம் பெற்றுள்ளது. 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் மேலாக நீளும் இப்பாதை புதிதாக வெட்டப்பட்டதன்று. வெள்ளைத் துரைமார் காலத்தில் தேயிலையை ஏற்றிச் செல்லவும் தொழிலாளர் மலைக்குச் செல்லவும் அமைந்த தடங்களே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. பாறையைப் பிளந்து அத்தடங்களை ஆக்கிய கைகள் யாருடையவை?

அக்கைகளுக்கு உரியோரும் ஒரு நெடுநடை நடந்தே அங்கு வந்தனர். 19 ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். பசிக்கும் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மாண்டோர் ஆயிரக்கணக்கினர். 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலரின் பெயரைப் பாடநூல் சொல்கின்றது. அந்த 19 ஏக்கரிலே மண்வெட்டி பிடித்தோரின் பெயரை எந்நூல் சொல்கின்றது? அவர்தம் சந்ததியினரின் குடியுரிமையைச் சுதந்திர இலங்கை 1948 இலேயே ஒரு சட்டத்தினாற் பறித்தது.

2023 ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மலையக மக்கள் தம் முன்னோர் வந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். இருநூறு ஆண்டு உழைப்பை நினைவூட்டி, காணியையும் வீட்டையும் சம உரிமையையும் கோரிய நடை அது. பீக்கோப் பாதையின் படங்களைத் தம் கைப்பேசியிற் சேர்த்து வைத்திருக்கும் நம் மாணவரில் எத்தனை பேர் இந்த நடையை அறிவர்? அறியாதது அவர் குற்றமன்று. அறிவிக்க வேண்டிய நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி.

அடுத்தது படமெடுத்தல். ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கையிற் குடியேறினார். கணவர் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளர். 1879 இல் இறந்த அம்மையாரின் கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. அவர் எடுத்த படங்களிலே கவிஞர் டெனிசனும் விஞ்ஞானி டார்வினும் தத்தம் பெயரோடு விளங்குகின்றனர். இலங்கையில் அவரைக் காணவந்த ஆங்கில ஓவியர் மரியான் நோர்த்துக்கும் பெயர் உண்டு. ஆனால் அவர் இங்கே படமெடுத்த தொழிலாளருட் பெரும்பாலோர் பெயரின்றியே நிற்கின்றனர். கலைத்திறனிற் குறைவில்லை, எனினும் யாருக்குப் பெயர் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதைத் தோட்டத்துச் சமூக அமைப்பே முடிவு செய்துவிட்டது.

ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நம் பிள்ளைகளின் கருவி அதே முடிவையே திரும்பச் செய்கின்றது. கூடை சுமந்த பெண்ணை நிறுத்திப் படமெடுக்கின்றோம். அவள் சம்மதத்தைக் கேட்பதில்லை, பெயரைக் கேட்பதில்லை. நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்று 2015 இல் எழுந்த கோரிக்கை நிறைவேற 2021 வரை அவள் காத்திருந்தாள். 2024 இல் அது 1350 ரூபாவாயிற்று. ஊக்கப்படியையும் சேர்த்து 1750 ரூபாவாக்க 2026 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. ஒவ்வொரு உயர்வுக்கும் பின்னால் வேலைநிறுத்தமும் பேரணியும் பேச்சுவார்த்தையும் இருந்தன. அவள் முகத்தின் சுருக்கத்தை 'இயற்கையான அழகு' என்று வியக்குமுன், அச்சுருக்கத்திற் படிந்துள்ள இவ்வரலாற்றையும் நாம் படித்திருக்க வேண்டாமா?

மூன்றாவது பறத்தல். இமாசலப் பிரதேசத்தின் பிர்-பில்லிங்கில் 2015 இல் பாராகிளைடிங் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது; அத்தகைய காட்சிகளில் மயங்கிய இளைஞர் நம் மலைகளிலும் சிறகு தேடுகின்றனர். சரிவில் மோதும் காற்று மேலெழுகின்றது. அவ்வெழுச்சியே துணிச்சிறகைத் தாங்குகின்றது. இக்காற்றை மட்டக்களப்பான் நன்கறிவான். தென்மேற்குப் பருவத்தில் மலைநாட்டின் மேற்குச் சரிவிலேறி, ஈரத்தையெல்லாம் அங்கே மழையாகக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்குகையில் வெம்மையும் வறட்சியும் கொண்டு நம் வயல்களையும் உடலையும் வாட்டுகின்ற கச்சான் அதுவே. மலைக்கும் நமக்குமுள்ள உறவு விடுமுறை உறவன்று என்பதை இதைவிடத் தெளிவாக எப்பாடம் உணர்த்தும்? ஆயின் பறக்க விரும்பும் மாணவனுக்கு நாம் கட்டணத்தைச் சொல்கின்றோமேயன்றிக் காற்றைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

மழையையும் சொல்லவேண்டும். கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் மொட்டையடிக்கப்பட்டன. ஆழ வேரோடிய மரங்கள் போன சரிவிலே மண்ணைப் பிடித்து நிறுத்த வலுவில்லை. அச்சரிவுகளிலே லயன் அறைகள் கட்டப்பட்டன. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தை ஆபத்தான இடம் என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டது. மாற்றுக் காணியும் வீடும் உரிய வேளையிற் கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களையும் மக்களையும் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழை நாடெங்கும் 600 க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டபோது, பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களிலே மண்சரிவுகள் மீண்டும் உயிர்களைப் புதைத்தன. நாம் காட்சிமேடையாகக் கொள்ளும் சரிவின்கீழ் ஒரு தாய் ஒவ்வொரு மழையிரவும் விழித்திருக்கின்றாள்.

"சுற்றுலாவினால் அம்மக்களுக்கு வருமானம் வருகின்றதே" என்பர் சிலர். வருகின்றதா? விடுதி நடத்த வீடு வேண்டும். வீட்டுக்கு உறுதி வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் வாழும் மக்களிற் பெரும்பாலோருக்குத் தாம் வாழும் லயன் அறையே சொந்தமில்லை. காணியுரிமை இல்லாதவன் சுற்றுலாப் பொருளாதாரத்தில் வழிகாட்டியாகலாம், பெட்டி சுமக்கலாம், தேநீர் பரிமாறலாம்; இலாபம் காணி உள்ளவனிடமே சேரும். "அழகை அனுபவிக்கையில் அரசியல் எதற்கு?" என்பாரும் உளர். ஒருவன் வாழும் இடத்தை அவனை விலக்கிவிட்டு அனுபவிப்பதும் அரசியலே, வசதியுள்ளவனின் அரசியல்.

இப்பார்வை மலைநாட்டோடு நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். நம் மாவட்டத்திலேயே குடும்பிமலை இருக்கின்றது. 2007 வரை போர்க்களமாயிருந்த அம்மலை பின்னர் சுற்றுலா இடமாகியது. நம் மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளைக் காக்கும்படி பாற்பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். கூடை சுமந்த பெண்ணை வெறும் காட்சியாகக் கண்டு பழகிய கண், நாளை மாடு மேய்க்கும் நம் சகோதரனையும் அந்திவானத்துக்கு ஏற்ற கறுப்பு நிழலாகவே காணும். அவன் மேய்ச்சல் தரை பறிபோனாலும் படத்துக்கு வானம் எஞ்சியிருக்குமல்லவா!

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! பயணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பயணத்தின் ஒழுங்கை மாற்றுங்கள் என்கிறேன். மலைக்குச் செல்லுமுன் ஒரு வாரம் வகுப்பிலே மலையகத்தின் வரலாற்றைப் படியுங்கள். அங்கே தோட்டப் பாடசாலை ஒன்றுக்குச் சென்று அப்பிள்ளைகளோடு ஒரு பகலைக் கழியுங்கள்; அவர்களை நம் வாவிக்கரைக்கு விருந்தினராக அழையுங்கள். தோட்டத்து இளைஞனையே வழிகாட்டியாகக் கொண்டு நியாயமான கூலி கொடுங்கள். சம்மதமின்றி ஒருவரையும் படமெடாதீர்கள். பெயரும் இடமும் கேளுங்கள். எடுத்த படத்தை உரியவருக்குக் கொடுங்கள். திரும்பிவந்து எழுதும் கட்டுரையிலே பனிக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் காணியுரிமைக் கோரிக்கைக்கு இரண்டு பத்தி ஒதுக்குங்கள்.

இவ்வளவும் செய்தபின் நடவுங்கள், படமெடுங்கள், பறக்கவும் செய்யுங்கள். மேலிருந்து நோக்கும்போது லயன் கூரைகளை அடையாளம் கண்டு, அவற்றின்கீழ் வாழும் மனிதரின் கோரிக்கை இன்னதெனச் சொல்லக்கூடிய மாணவனை உருவாக்குவதே நம் பணி. அதைச் செய்யாத சுற்றுலாவுக்குக் 'கல்விச் சுற்றுலா' என்று பெயரிட்டு நாம் கையொப்பம் இடலாகாது.