நேர்முகத் தேர்வுக்கு முன்னே பணம் கேட்டால்



ஊரிலிருந்து மும்பைக்கோ பெங்களூருக்கோ வேலை தேடி வந்து, உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: "தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் அனுப்பவும்." நேர்முகத் தேர்வே நடக்கவில்லையே, எப்படித் தேர்வானோம் என்று சற்று யோசியுங்கள். அச்செய்தியிலுள்ள எண்ணை நம்பாமல், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் காணும் எண்ணுக்கு நீங்களே பேசி விசாரியுங்கள்.

அடையாளச் சான்று அவசியமானால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலை ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக் கொடுக்கலாம். ஓடிபி எண்ணையோ ஒருவருக்கும் சொல்லலாகாது. "கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம், யூபிஐ பின் எண்ணை இடுங்கள்" என்பார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையேயில்லை. இட்டால் மீதியும் போய்விடும்.

ஏமாந்துவிட்டீர்களா? அம்மா நகையை அடகு வைத்து அனுப்பிய பணமாயிற்றே என்று வெட்கி மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மோசக்காரன் பணத்தை எடுத்துவிடுமுன் அதை முடக்க வாய்ப்புண்டு; தாமதித்தால் அந்த வாய்ப்பு குறையும். அன்றிரவே வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.