மஞ்சள் ஸ்கூட்டரில் வந்த பாடல்கள்



'ராக்' இசை என்ற சொல் காதில் விழுந்தவுடனே பெரியவர்கள் முகம் சுளிப்பதும், பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு அதையே கேட்பதும் நம் இல்லங்கள் பலவற்றில் காணும் காட்சி. நீண்ட தலைமுடி, செவியைத் துளைக்கும் ஒலி, இவற்றோடு போதைப் பழக்கமும் சேர்ந்து வந்துவிடுமோ என்ற கவலை. இந்தக் கவலை முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும் அவ்விசை பிறந்த வரலாறு நம்மை வியக்கவைக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் ஆலயங்களில் கைதட்டிப் பாடிய பாடல்களும், உழைப்பின் துயரத்தைச் சொல்லும் அவர்களுடைய பிற பாடல்களும், வெள்ளைக் குடியானவர்களின் நாட்டுப்பாடல்களும் ஒன்றுகலந்தே 1950களில் ராக் உருப்பெற்றது. அதன் மன்னர் எனப்பட்ட எல்விஸ் பிரெஸ்லி போட்டியில் வென்ற மூன்று கிராமி விருதுகளும் அவருடைய ஆட்டப் பாடல்களுக்காக அல்ல, பக்திப் பாடல்களுக்காகவே வழங்கப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது.

இந்த இசையை நம் நாட்டில் கையாண்டு, தம் பாடல்களைத் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடிய ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுத விழைகிறேன். அவர் கோவாவைச் சேர்ந்த ரெமோ பெர்னாண்டஸ்.

அவரை அறியுமுன் கோவாவின் பங்குப் பள்ளிகளை அறிய வேண்டும். போர்த்துக்கேயர் ஆட்சியில் அங்கே பங்குக் கோவிலை ஒட்டிய பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்தோடு இசையும் கற்பிக்கப்பட்டது. இசைக்குறியீடுகளைப் பார்த்துப் பாடவும், வயலின் வாசிக்கவும் கற்பித்து, ஞாயிறு தோறும் பாடற்குழுவையும் நடத்தியவருக்கு 'மெஸ்த்ரி' என்று பெயர். (நாம் கட்டட வேலையில் 'மேஸ்திரி' என்கிறோமே, அதுவும் அதே போர்த்துக்கேயச் சொல்லே.) நம் பக்கத்துக் கிராமங்களில் உபதேசியார் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு செய்த பணியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

அப்பள்ளிகளில் பயின்றவர்கள் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குச் சென்றனர். இந்தித் திரைப்படங்களின் வாத்தியக் குழுக்களில் வயலினும் ட்ரம்பெட்டும் வாசித்தவர்களில் பெரும்பங்கினர் கோவாக்காரர்களே. மஜோர்டா என்னும் ஊரைச் சேர்ந்த அந்தோணி கொன்சால்வஸ் அவர்களில் ஒருவர். இசையமைப்பாளர் பியாரேலால் அவரிடம் வயலின் கற்றவர். 1977இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் கதாநாயகனுக்குச் சூட்டிய பெயர் அந்த ஆசிரியருக்கு மாணவர் செலுத்திய நன்றிக்கடன். ஆனால் இத்தகைய நன்றி வாய்த்தவர் மிகச் சிலரே. பாடல் நாடெங்கும் ஒலிக்க, வாசித்தவர் பெயர் திரையில்கூட வராமல் மறைந்துபோனவர்களே மிகுதி.

இந்த மரபின் மண்ணில் 1953ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ரெமோ பிறந்தார். பூர்வீக வீடு சியோலிம் கிராமத்தில். கோவா இந்தியாவோடு இணைந்த 1961 டிசம்பரில் அவருக்கு வயது எட்டு. போர்த்துக்கேயப் பாடல்களும் கொங்கணி நாட்டுப்பாடல்களும் வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்த அந்நாளில், இலண்டனிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொண்டுவந்த இசைத்தட்டின் மூலம் ராக் இசை அச்சிறுவனுக்கு அறிமுகமாயிற்று. பள்ளியிலேயே தோழர்களோடு ஓர் இசைக்குழு. பின்னர்ப் பம்பாயில் ஜே.ஜே. கல்லூரியில் கட்டடக்கலை பயின்று பட்டமும் பெற்றார். 1970களின் இறுதியில் வழியில் வரும் வண்டிகளை நிறுத்தி ஏறி ஐரோப்பாவையும் வட ஆப்பிரிக்காவையும் சுற்றிப் பாடிவிட்டு ஊர் திரும்பினார்.

அதற்குப்பின் நடந்ததே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. ஓர் இந்தியர் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதும் பாடல்களை விலைகொடுத்து வாங்குவார் இல்லை என்பதே அக்கால இசைத்தட்டு நிறுவனங்களின் கணக்கு. பம்பாய்க்குக் குடிபெயர்ந்து திரையுலகை அண்டுவதே பிழைக்கும் வழியாகக் கருதப்பட்டது. ரெமோ சியோலிம் வீட்டிலேயே இருந்தார். நான்கு தடங்களில் பதிவு செய்யவல்ல சிறு ஒலிநாடாக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. முதல் தடத்தில் தாளத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் கிதார். பின்பு இரண்டையும் சேர்த்து வேறொரு தடத்துக்கு மாற்றினால் பழைய தடங்கள் காலியாகும். அவற்றில் குரல், அதன்மேல் புல்லாங்குழல், அதன்மேல் தம் குரலையே துணைக்குரலாக மீண்டும் ஒருமுறை. ஒவ்வொரு மாற்றத்திலும் இரைச்சல் சற்றே கூடும். ஒருமுறை சேர்த்துவிட்டதைப் பிரிக்கவும் இயலாது. இவ்வாறு ஒருவரே பல்லியமாய் நின்று உருவாக்கியதே 1984இல் வெளிவந்த 'கோவன் கிரேசி' என்னும் ஒலிநாடா. உறையின் ஓவியமும் அவருடையதே. ஒலிநாடாக்களைத் தம் மஞ்சள் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகச் சென்று அவரே விற்றார்.

வாங்கியவர்கள் கோவா மக்கள். அவர்கள் வாங்கியதன் காரணம் அதில் அவர்களே இருந்தார்கள் என்பதே. ஊரின் உணவு, ஊரின் பேச்சு, வம்பு, சோம்பல், அரசு அலுவலகத்தின் தாமதம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு வீட்டுக்காரன் உரிமையோடு கேலி செய்வதுபோல் அவர் பாடினார். மறு ஆண்டே 'ஓல்டு கோவன் கோல்டு' என்று பழைய கோவாப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். ஷியாம் பெனகல் இயக்கிய 'திரிகால்' படத்திற்குப் பாடல் தந்ததும் அதே 1985இல்தான். 1986இல் 'பேக் தட் ஸ்மேக்', 1987இல் 'பாம்பே சிட்டி' என ஆண்டுக்கொன்றாகப் பாடல் தொகுப்புகள் வந்தன. முன்னது ஹெராயின் என்னும் நஞ்சுக்கு எதிராக எழுந்தது. கடற்கரைகளில் பிரவுன் சுகர் இளைஞர்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. ராக் என்றாலே போதை என்று எண்ணும் நாம் இதைக் கருதிப் பார்க்க வேண்டும். நூறு மேடைப் பேச்சுகளைக் கேளாத செவிகள் அந்தப் பாடலைக் கேட்டன.

அதே பத்தாண்டில், பிரதமர் ராஜீவ் காந்தி கலந்துகொண்ட ஒரு விழாவில், அவரைப் பெயர் சொல்லி விளித்து, குறைகளை எடுத்துரைக்கும் பாடலொன்றை ரெமோ அவர் முன்னிலையிலேயே பாடினார். இது பிரதமரை அவமதிப்பது என்று உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று கண்டித்தது. ரெமோ பாடலையும் செய்தியையும் பிரதமருக்கே அனுப்பிவைத்தார். தாமும் தம் துணைவியாரும் பாடலை ரசித்ததாகப் பிரதமரிடமிருந்து பதில் வந்தது. பாடியவரின் துணிவோடு, கேட்டவரின் பெருந்தன்மையையும் நான் மதிக்கிறேன். இக்காலத்தில் இரண்டுமே அரிதாகிவிட்டன.

எங்கள் பழையசீவரத்தருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. அந்த ஆற்று மணல் லாரி லாரியாகப் போன கதையை இப்பக்கத்து இளைஞன் ஒருவன் பாட்டாக எழுதி, கிதாரை மீட்டி எனக்குப் பாடிக் காட்டினான். உடனிருந்த அவன் தந்தை, "சினிமாப் பாட்டு பாடினாலாவது நாலு கலியாணத்துக்குக் கூப்பிடுவாங்க, சாமி. இதை யாரு கேப்பாங்க?" என்றார். குடும்பப் பாரத்தைச் சுமப்பவரின் கேள்வி அது. எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. ரெமோவைப் போல எல்லாரும் வெற்றி பெறுவதில்லை. அவருக்குக் கையில் ஒரு பட்டமும் தலைக்குமேல் சொந்தக் கூரையும் இருந்தன. இதையும் அந்த இளைஞனிடம் மறைக்காமல் சொன்னேன். படிப்பை முடிக்கச் சொன்னேன். ஆனால் தந்தையிடம், "பிறர் பாட்டைப் பாட ஆயிரம் பேர் உண்டு, இந்த ஆற்றைப் பற்றிப் பாட இவன் ஒருவன்தானே இருக்கிறான்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவுக்கருவியைத் தேடி அலையும் தொல்லையும் இன்று இல்லை. அவன் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே நான்கு தடங்களுக்குமேல் பதிவு செய்யும்.

ரெமோவின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1987இல் 'ஜல்வா' என்னும் இந்திப் படத்தின் தலைப்புப் பாடல் அவரை வடநாடெங்கும் அறியச் செய்தது. மணிரத்னத்தின் 'பம்பாய்' படத்தின் இந்தி வடிவில் ரஹ்மானின் மெட்டுக்கு 1995இல் குரல் கொடுத்தார். இந்தப் புகழ் பெரிது. ஆயினும் அங்கே அவர் திரைப்படங்களுக்குப் பாடிய பலருள் ஒருவர். சியோலிம் வீட்டில் தனியே செய்த அந்த முதற்பணியே அவருடைய சிறந்த பணி என்பது என் எண்ணம். 1992இல் அரசியல்வாதிகளுக்கு ராக் ஆடத் தெரியாது என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்பு வெளியிட்டுப் பழைய குறும்பு மாறவில்லை என்று காட்டினார். ஆங்கிலம், கொங்கணி, இந்தி, போர்த்துக்கேயம், பிரெஞ்சு ஆகிய ஐந்து மொழிகளில் பாடியவர். 2007இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிற்காலத்தில் போர்த்துக்கல் நாட்டில் வாழலானார். அதைக் குறித்துக் கோவாவில் சிலருக்கு மனக்குறை உண்டு; தம்மைக் கேலி செய்யும் உரிமையை ஊர் ஒருவருக்கு வழங்கிவிட்டால், அவர் ஊரிலேயே இருக்க வேண்டும் என்றும் அது எதிர்பார்க்கும் போலும். தம் வாழ்க்கை வரலாற்றை 2021இல் நூலாக வெளியிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரைப்படமோ நிறுவனமோ கேட்காமல், பல ஆண்டுகள் உழைத்து, அன்னை தெரசாவைப் பற்றி அவர் ஓர் இசை நாடகத்தை இயற்றினார். 2016 செப்டம்பர் 4ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட நம் கல்கத்தா அன்னைதான். அதன் இசை, அவர் ஏழு வயதில் கேட்ட அதே ராக் இசை.