கைப்பேசிக் கல்வியும் கிராமக் குறிப்பேடும்

ஒரு கிராமத்தின் விவசாயம் இருவகை அறிவைக் கொண்டு நடைபெறுகிறது. ஒன்று, ஆராய்ச்சிப் பண்ணைகளிலும் கல்லூரிகளிலும் உண்டாகி, வெளியிலிருந்து ஊருக்குள் வந்து சேர்வது. மற்றொன்று, அவ்வூரின் மண்ணோடும் நீரோடும் பல்லாண்டு பழகியவர்களிடத்தில் தானே முதிர்ந்து நிற்பது. முந்தியது இக்காலத்தில் கைப்பேசியின் வழியாகக் குடியானவரின் வரப்புக்கே வந்துவிடுகிறது. பிந்தியதோ, எழுதுவாருமின்றிக் கேட்பாருமின்றி, முதியவர் ஒவ்வொருவரும் மறையுந்தோறும் அவருடனேயே மறைந்துவருகிறது. வெளியறிவைக் கொண்டுவருவதில் காட்டப்படும் ஊக்கத்தில் நாலிலொரு பங்கேனும் ஊரறிவைக் காப்பதில் காட்டப்படாவிடின், கைப்பேசிக் கல்வியினால் விளையக்கூடிய அனுகூலத்தில் பாதி வீணாகும் என்பது ஆலோசித்துப் பார்ப்போர் எவருக்கும் விளங்கும்.

வெளியறிவு பரவிய வரலாறு பெருமைக்குரியதே. 1868-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் தோன்றிய விவசாயப் பள்ளிக்கூடம் 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, பிற்காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆயினும் அங்கே கற்பிக்கப்பட்டது கல்லூரிச் சுவரைத் தாண்டிக் குடியானவரை அடைவதற்கு நெடுங்காலம் சென்றது. 1960-களில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல், வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளால் விரைந்து பரவியது. ஜனங்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். 1974-இல் நாட்டின் முதலாவது வேளாண்மை அறிவியல் நிலையம் புதுச்சேரியில் ஏற்பட்டது. 2004 ஜனவரியில், 1551 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசி, தத்தம் தாய்மொழியிலேயே விடை பெறுவதற்கான உழவர் அழைப்பு மையம் தொடங்கப்பெற்றது. 2018-இல் ‘உழவன்’ செயலி வந்தது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர் ஒவ்வொன்றுக்கும் உரிய சாகுபடி முறைகள் தமிழிலேயே காணக் கிடைக்கின்றன. தொலைதூரக் கல்வியாகச் சான்றிதழ்ப் பாடங்களும் நடத்தப்பெறுகின்றன. கோயம்புத்தூருக்குச் செல்லாமலே கோயம்புத்தூரின் பாடத்தைச் செய்யூரிலிருந்து படிக்கலாம் என்பது முன்னோர் கனவிலும் கருதாத வசதியாகும்.

இவ்வளவும் இருந்தும் குறை ஒன்றுண்டு. இவ்வழிகள் பெரும்பாலும் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாயும் வாய்க்காலைப் போன்றவை. சொல்பவர் ஒருபுறம், கேட்பவர் மறுபுறம் என்ற முறையே நிலைத்துவிட்டது. கேட்டதைத் தன் நிலத்தில் செய்து பார்த்தவர் என்ன கண்டார் என்பதை எழுதிவைக்க ஊரில் ஓர் ஏடு இல்லை. ஆகையால் பத்துப் பேர் ஒரே தவற்றைப் பத்து முறை செய்து, பத்து முறை நஷ்டமடைந்து, பத்து முறை தனித்தனியே கற்றுக்கொள்ளுகின்றனர்.

எழுதிவைக்கப்படாத ஊரறிவு எங்ஙனம் அழிகின்றது என்பதற்குச் சேலையூரைக் காட்டிலும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை. தாம்பரத்தை அடுத்த அவ்வூர், செங்கற்பட்டுச் சீமையின் ஏனைய ஊர்களைப் போலவே ஏரியைக் கொண்டு வாழ்ந்த ஊர். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஒன்றன் மிகுநீரை மற்றொன்று ஏற்றுக்கொண்டு, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி நீரைச் செலுத்தும் ஒரு தொடரின் கண்ணிகளாக அமைந்தவை. எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, எந்த வரத்துக்கால் முதலில் தூர்ந்துபோகும், கலங்கல் வழிந்தால் எந்தத் தாக்கு முதலில் மூழ்கும் என்பவையெல்லாம் இத்தகைய ஏரிகளில் நீர்க்கட்டிகளின் மனத்தில் இருந்தன, காகிதத்தில் இல்லை. ஆயக்கட்டு வீட்டு மனைகளாக மாறியபொழுது நீர்க்கட்டிக்கு வேலை இல்லாமற்போயிற்று. அவருடைய அறிவைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபொழுது, தண்ணீர் தன் பழைய வழிகளை மறக்கவில்லை, மனிதர்களே மறந்திருந்தனர். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2022-இல் பள்ளிக்கரணை, ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பாதுகாக்கத்தக்க சதுப்பு நிலமாக அறிவிக்கப்பெற்றது. ஏரிக்கரையைப் பணங்கொண்டு உயர்த்தலாம்; இழந்த அறிவை எப்பணங்கொண்டும் மீட்க இயலாது.

கிராம உத்தியோகத்திலும் இந்நஷ்டம் நேர்ந்தது. செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் நிலம், நீர்நிலை, குடிகள், விளைச்சல் ஆகியவை கணக்கெடுக்கப்பட்டன. அதற்கு ஆதாரமான கணக்கர்களின் ஓலைகளிற் பல இன்றும் எஞ்சியுள்ளன. அத்தகைய கணக்கு மரபு இருந்த நாட்டில், 1980-ஆம் ஆண்டில் கர்ணம், முன்சீப் முதலிய பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஒழித்தது நியாயமே. ஊர்க் கணக்கை ஒரு குடும்பம் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு ஏனையோரைக் காத்திருக்கச் செய்வது சமூகத்திற்கு ஏற்றதன்று. ஆனால் பதவி கைமாறியபொழுது அ பதிவேடும் அடங்கலும் மட்டுமே கைமாறின. அவற்றின் வரிகளுக்கு இடையே இருந்த செய்தி கைமாறவில்லை. இப்பொழுதோ, கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றலாகின்றனர். ஊரை ஒருவாறு அறிந்துகொள்ளும் தறுவாயில் ஒருவர் போகின்றார். மற்றொருவர் வந்து முதலெழுத்திலிருந்து தொடங்குகின்றார். புதிதாக வந்தவரிடம் திறமைக் குறைவு இல்லை. அவருக்கு முன்னவர் ஒரு பக்கமேனும் எழுதிவைக்காததே குறை.

இக்குறையைக் கைப்பேசிக் குழுக்கள் நிறைவு செய்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். வாட்ஸ்அப் குழு இல்லாத ஊர் இன்று அரிது. ஆனால் அங்கே நடப்பது யாது? ஒருவர் நோயுற்ற இலையின் படத்தை அனுப்புகின்றார். வேறொருவர் ஒரு மருந்தின் பெயரை மட்டும் விடையாக அனுப்புகின்றார். நெல் இன்ன ரகம், நட்டு இத்தனை நாள், மருந்து ஏக்கருக்கு இவ்வளவு, தெளித்தபின் கண்ட பலன் இது என்று ஒன்றும் இராது. அடுத்த நாள் வாழ்த்துப் படங்களும் வதந்திகளும் அதன்மேல் குவிந்து, சென்ற பருவத்தில் சொன்னதை இப்பருவத்தில் தேடியெடுக்க முடியாமற்போகின்றது. பகிர்வது வேறு, சேமிப்பது வேறு. களத்தில் இறைந்து கிடக்கும் நெல் குதிரில் நிறைந்த நெல்லாகாது.

கருவி சிறிதாயினும் ஊரார் அதைத் தமதாக்கிக்கொண்டால் நேரும் நன்மை எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு சான்று போதும். சென்னைத் தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. கணினியில் வந்த கடலலையின் உயரம் பற்றிய செய்தியை வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் வாசித்து மீனவருக்கு அறிவித்தனர். அம்மையங்களுள் ஒன்று நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் கடல் பொங்கும் அபாயத்தைத் தொலைபேசியில் தம் வீட்டாருக்குத் தெரிவித்தார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். ஜனங்கள் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினர். செய்தி வந்தது கடல் கடந்து. ஆனால் காப்பாற்றியது, செய்தியை வாங்கி எல்லோர் காதிலும் போடுவதற்கு ஊரில் முன்னமே பழகியிருந்த ஓர் ஏற்பாடு. அவ்வேற்பாடு இன்றேல் அச்செய்தி ஒரு வீட்டோடு நின்றிருக்கும்.

வயலிலிருந்தும் உலகத்திற்கு அறிவு செல்லக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. மடகாஸ்கர் தீவில் ஹென்றி தெ லொலானியே என்னும் பாதிரியார், 1983-இல் மழைக்குறைவினால் இளநாற்றுகளையே நட நேர்ந்தபொழுது அவை மிகுதியாகத் தூர் கட்டியதைக் கண்டு குறித்துக்கொண்டார். அக்குறிப்பே வளர்ந்து பல தேசங்களுக்குப் பரவி, தமிழ்நாட்டில் செம்மை நெல் சாகுபடி என்று வழங்குகின்றது. பதினான்கு நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக நடுதல், கோனோவீடர் கொண்டு களையை மண்ணோடு புரட்டுதல் முதலியவை அம்முறையின் அங்கங்கள். ஆனால் ஐப்பசி மழையில் நீர் வடியாத தாழ்ந்த ஏரிப்பாசன நிலத்தில் அத்தனை இளைய நாற்று மூழ்கிவிடக்கூடும். நவரைப் பட்டத்திற்கு ஏற்றது சம்பாவிற்கு ஏற்காமற்போகலாம். எந்தத் தாக்கில் எது ஏற்றது என்பதைச் செயலி அறியாது. செய்து பார்த்தவரே அறிவார். அவர் எழுதினால்தான் அடுத்தவர் அறிவார்.

ஆகையால் ஊர்தோறும் ‘கிராமச் சாகுபடிக் குறிப்பேடு’ ஒன்று ஏற்படுவது அவசியம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தடித்த அட்டைக் கணக்குப் புத்தகம் ஒன்று போதும். அதில் ஒவ்வொரு சொர்ணவாரி, சம்பா, நவரைப் பட்டத்தின் முடிவிலும் ஐந்து விஷயங்கள் பதியப்பட வேண்டும்: நிலத்தின் தன்மையும் பாசன வகையும், விதையின் ரகமும் விதைத்த தேதியும், புதிதாகச் செய்து பார்த்தது யாது என்பதும் அதைக் கேட்டறிந்த இடமும், கண்ட செலவும் மகசூலும், தவறியது என்ன, ஏன் என்பது. கடைசி விஷயமே மிக முக்கியமானது. வெற்றியை எல்லோரும் திண்ணையில் சொல்லுவர். தோல்வி ஏட்டில் ஏறினால்தான் பிறருக்குப் பயன்படும். ஏட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வட்டார வேளாண்மை அலுவலகத்திற்கும், காட்டுப்பாக்கத்தில் உள்ளது போன்ற வேளாண்மை அறிவியல் நிலையங்களுக்கும் அனுப்பினால், வாய்க்கால் இருபுறமும் பாயத் தொடங்கும்.

ஏட்டில் யாருடைய சொல் ஏறவேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. மடையைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகளிற் பெரும்பாலோர் சொந்த நிலமில்லாதவர்கள். ஆதிதிராவிடக் குடிகளைச் சேர்ந்தவர் பலர். நாற்றின் முறுக்கையும் களையின் இனத்தையும் கையால் அறிந்தவர்கள் நடவு நடும் பெண்கள். பட்டாவில் பெயருள்ளவரை மட்டும் கேட்டு எழுதினால் ஏடு பாதியே நிரம்பும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பேசுவதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, பின்னர் பள்ளிப் பிள்ளை ஒருவரைக் கொண்டு எழுதுவிக்கலாம். அவருடைய பெயரும் ஏட்டில் இருத்தல் வேண்டும். அறிவைக் கொடுத்தவருக்கு மரியாதை கொடாத ஊரில், அறிவைக் கொடுப்பவர் நாளடைவில் இல்லாமற்போவர்.

இதற்கு ஆட்சேபங்கள் எழும். உத்தியோகஸ்தர்களுக்கு இருக்கும் பதிவேடுகளே அதிகம். மேலும் ஒன்றா என்பர். உண்மையே. ஆதலின் இவ்வேடு சர்க்கார் கணக்காக இருத்தலாகாது. கேட்கும் தொகையை நிரப்பும் படிவமானால் அது பொய்க்கணக்காக முடியும். ஊரார் வைத்திருப்பதும் ஊராரால் எழுதப்படுவதுமே முறை. உத்தியோகஸ்தர் செய்யவேண்டியது ஒன்றே: மாற்றலாகிப் போகுமுன், தாம் அவ்வூரில் கற்றதை இரண்டு பக்கங்களில் எழுதி, தம்மிடத்திற்கு வருபவரிடம் ஏட்டைக் கையோடு கொடுத்துச் செல்லுதல். மகசூலைச் சொன்னால் பொறாமையோ வரியோ வரும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்கள் மொத்த வருமானத்தை எழுத வேண்டுவதில்லை. ஏக்கருக்கு முன்னைவிட எத்தனை மூட்டை கூடிற்று அல்லது குறைந்தது என்றெழுதினாற்போதும்.

மதுராந்தகம், செய்யூர், உத்திரமேரூர்ப் பக்கங்களில் இன்னும் ஏரிகள் நிரம்புகின்றன, மடைகள் திறக்கப்படுகின்றன, சொல்லக்கூடிய முதியவர்களும் இருக்கின்றனர். சேலையூருக்கு இழந்தபின் எழுதும் நிலை வந்தது. இவ்வூர்களுக்கு இழக்குமுன் எழுதும் காலம் இருக்கிறது. சென்னைப் பட்டணம் தெற்கே நகர்ந்து வரும் வேகத்தைப் பார்க்குமிடத்து அக்காலம் நெடிதன்று. வரும் நவரை நடவுக்கு முன் ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவர் ஒரு புத்தகத்தை வாங்கி, ஊரின் மூத்த நீர்க்கட்டியின் வீட்டு வாயிலில் உட்கார்ந்து முதற்பக்கத்தை எழுதத் தொடங்குவாராயின், கைப்பேசியில் வரும் பாடங்கள் யாவும் அந்த ஊரின் மண்ணில் வேரூன்ற இடமுண்டாகும்.