‘ஃபார்மட் பண்ணிடலாமா?’ என்று கேட்டால்

லேப்டாப் திறக்கவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழும் சொல் ‘ஃபார்மட்’. மாலைக்குள் புது விண்டோஸ் போட்டுத் தந்துவிடுவார்கள். உள்ளே என்ன இருந்தது என்ற பேச்சு பெரும்பாலும் எழாது. எழுந்தாலும் ‘சி டிரைவ்ல ஏதாவது வேணுமா?’ என்பதோடு சரி. நம் தோழர்களில் பலருக்கு டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும்தான் அலமாரி. அவை இரண்டும் சி டிரைவில் இருப்பவை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

அந்த அலமாரியில் என்ன இருக்கிறது? முதல் தகவல் அறிக்கையின் ஸ்கேன். அடிபட்டவரின் காயங்களைப் படமெடுத்தது. உண்மை அறியும் குழு போன ஊரில் பதிவு செய்த வாக்குமூலங்கள். விடுதி மாணவர்களின் சாதிச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம், யாரோ ஒருவரின் பாதி எழுதிய ஆய்வேடு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யச் சொல்கிறது. அதன் பிறகு வழக்கு எத்தனை ஆண்டு இழுபடும் என்பது நீதிமன்ற வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு லேப்டாப்பின் ஆயுளைவிட நம் வழக்குகளின் ஆயுள் நீளம்.

ஆவணம் தொலைவது நமக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அயோத்திதாசரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் மறுபடி நம் கைக்கு வர 1999 ஆனது. அண்ணல் அம்பேத்கர் மறைந்தது 1956. அவரது எழுத்தும் பேச்சும் அடங்கிய தொகுதிகளை மகாராட்டிர அரசு வெளியிடத் தொடங்கியது 1979-இல். அதுவரை பல கையெழுத்துப்படிகள் பெட்டிகளில் கிடந்தன. தாள் என்பதால் கிடந்தாவது பிழைத்தது. ஹார்ட் டிஸ்க்கை ஒருவர் ஃபார்மட் செய்து அதன்மேல் புது விண்டோஸையும் ஏற்றிவிட்டால் எந்தப் பெட்டியைத் திறந்தும் பயனில்லை.

கணினி திறக்காததும் கோப்பு அழிந்ததும் வேறு வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். சார்ஜர், ராம், திரை, மதர்போர்டு, கெட்டுப்போன விண்டோஸ் அப்டேட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பல நேரம் டிஸ்க் நன்றாகவே இருக்கும். விண்டோஸ் எழ மறுக்கிறது, அவ்வளவுதான். அப்போது விண்டோஸைக் கேட்காமலேயே டிஸ்க்கைப் படிக்க வழி உண்டு. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைத் தொடங்குங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. மின்ட் நேரே பென் டிரைவிலிருந்தே ஓடும். திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு படம் இருக்கும், அதைத் தொட வேண்டாம். ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் பகுதியைத் திறந்தால் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் எல்லாம் இருக்கும். எடுத்து வெளி டிஸ்க்கில் போடுங்கள். ‘ரீட் ஒன்லி’ என்று சொன்னாலும் கவலையில்லை, படித்து நகலெடுக்க அது போதும்.

லேப்டாப்புக்கு உயிரே இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸ் ஒன்றில் பொருத்தி இன்னொரு கணினியில் செருகலாம். சில நூறு ரூபாய்தான். நீளக் குச்சி போன்ற என்விஎம்இ டிஸ்க்குக்கு வேறு வகைக் கேஸ் வேண்டும், பார்த்து வாங்குங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் டிஸ்க் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வழி செல்லாது.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது மிச்சமிருப்பதையும் கீறிவிடும். வழக்கு ஆவணம் என்றால் அந்த இடத்தில் காசு சேர்த்துத் தரவு மீட்பு நிபுணரிடம் போவதே சரி. தவறி அழித்த கோப்புகளுக்கு ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதக் கூடாது, எழுதினால் மீட்க வேண்டியதன் மேலேயே ஏறி உட்காரும். எஸ்எஸ்டி என்றால் அழித்த கோப்பு கிடைக்கும் வாய்ப்பே குறைவு.

இதையெல்லாம் நாமே ஏன் கற்க வேண்டும், கடைக்காரர் செய்ய மாட்டாரா என்று கேட்கலாம். செய்வார், நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணின் பெயரும் படமும் இருக்கும் டிஸ்க்கை முகம் தெரியாத மேசையில் இரண்டு நாள் விட்டுவிட்டு வருவதை எங்களால் ஏற்க முடியவில்லை. எதிர்த்தரப்பின் ஆதிக்கம் நிறைந்த சிறு ஊர்களில் அந்த மேசை யாருடையது என்பதும் கேள்விதான். ‘கம்ப்யூட்டர் விஷயம் நமக்கு வராது’ என்று நம் பிள்ளைகள் ஒதுங்குவதற்குப் பின்னால், எழுத்தும் கருவியும் வேறு யாருடையதோ என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட பாடம் இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பென் டிரைவும் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் கழற்றும் என்று நம்புகிறோம்.

அமைப்புக்குள்ளும் ஒரு வழக்கம் மாற வேண்டும். மாவட்டப் பொறுப்பாளரின் ஒரே லேப்டாப்பில் பத்தாண்டு வேலை முழுவதும் கிடப்பதை நாம் பொறுப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். அவர் விலகினாலோ லேப்டாப் எழாமல் போனாலோ அமைப்புக்கே நினைவு போய்விடுகிறது. இரண்டு நகல், இரண்டு வீடுகளில் இருக்கட்டும்.

வழக்குக்கான வீடியோவில் இன்னும் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தின் நகலோடு சான்றிதழும் கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் விரல்ரேகை அது. ஆகவே வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிச் சுருங்கிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போகாதீர்கள். படமெடுத்த போனையும் மெமரி கார்டையும் விற்காமல், அழிக்காமல் வைத்திருங்கள். எழாத லேப்டாப்பிலிருந்து மீட்டதென்றால் எந்தத் தேதியில், யார், எப்படி எடுத்தார்கள் என்று அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பழைய டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம்.

கடைசியாக ஒன்று. புது விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. 48 இலக்க பிட்லாக்கர் சாவி இல்லாமல் லினக்ஸில் போனாலும், டிஸ்க்கைக் கழற்றினாலும் எதையும் படிக்க முடியாது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி, சாதிச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள்.