களைப்பறியா விமானம் என்னும் மாயை

விமானி இல்லாத விமானத்துக்குக் களைப்பு இல்லை, ஆகவே எரிபொருள் நிரப்பும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அது வானிலேயே இருக்கும் என்பது ஆளில்லா விமானங்களைப் பற்றி வேரூன்றிவிட்ட நம்பிக்கைகளுள் முதன்மையானது. ஒரு நாடு முப்பது ஆளில்லா விமானங்களை வாங்கப்போகிறது என்னும் செய்தியோடு, அவை ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது மணி நேரம் பறக்கவல்லவை என்னும் உற்பத்தியாளரின் குறிப்பும் சேர்ந்து வரும்போது, இரண்டையும் பெருக்கிப் பார்த்து, எல்லை முழுவதும் இரவுபகலாகக் கண்காணிக்கப்படும் என்று முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பெருக்கலில் தொலைவுக்கும், தரைப்பணிக்கும், பழுதுக்கும், ஆள்பலத்துக்கும், இழப்புக்கும் இடமே இல்லை. விமானியை விமானத்திலிருந்து இறக்கியதால் இவற்றுள் முதல் மூன்றும் சற்றும் குறையவில்லை. விமானியின் களைப்போ, நீங்குவதற்குப் பதிலாக, விமானத்திலிருந்து தரைக்கு இடம்மாறியிருக்கிறது.

ஒரு விமானம் ஒரு பணிக்காகப் புறப்பட்டுத் திரும்பித் தரையிறங்குவது வரையிலான முழுச் சுற்றைப் படைத்துறையினர் ‘சார்ட்டி’ என்பர். அதைத் தமிழில் பறப்பு எனலாம். ஒரு விமானம் நாளொன்றுக்குச் சராசரியாக நிகழ்த்தும் பறப்புகளின் எண்ணிக்கையே பறப்பு வீதம். இதைக் கணிக்க, பறக்கும் நேரத்துடன், தரையிறங்கிய விமானத்தைச் சோதித்து எரிபொருளும் ஆயுதமும் ஏற்றி மீண்டும் புறப்படச் செய்வதற்கு ஆகும் நேரத்தையும், பழுதுநீக்கத்துக்கும் காலமுறைப் பராமரிப்புக்கும் செலவாகும் நேரத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் 24ஐ வகுக்க வேண்டும். விமானியின் ஓய்வு இந்தக் கணக்கில் நேரடியாக வருவதில்லை. ஒரு விமானத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகளை அமர்த்தி அதை ஈடுசெய்துவிடலாம். 1967 ஜூன் போரில் இஸ்ரேலிய விமானப்படையின் தரைப்பணியாளர்கள், திரும்பிவந்த போர் விமானத்தைப் பத்து நிமிடங்களுக்குள் மீண்டும் புறப்படச் செய்தமையால், ஒரே விமானம் ஒரு நாளில் நான்கு முறைவரை பறக்க முடிந்தது. தாக்க வந்த விமானங்களின் எண்ணிக்கையைக் கண்ட எகிப்து அரசு, அமெரிக்க, பிரித்தானிய விமானங்களும் உடன் பறந்ததாகக் குற்றஞ்சாட்டியது. அந்த விமானங்கள் ஒவ்வொன்றையும் மனிதர்களே ஓட்டினர்; எதிரியின் கணிப்பை மிஞ்சிய அந்த வீதத்தை உண்டாக்கியவர்களோ ஓடுபாதையின் ஓரத்தில் நின்றவர்கள்.

நெடுநேரம் பறக்கும் கண்காணிப்பு விமானங்களுக்குப் பறப்பு வீதம் மட்டுமே போதிய அளவுகோலாகாது. ஏனெனில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறக்கும் கண்காணிப்பு விமானம், நாளுக்கு மூன்று முறை பறக்கும் போர் விமானத்தைவிட அதிக நேரம் வானில் இருக்கக்கூடும். ஆகவே இலக்குப் பகுதிக்கு மேலே இருந்து உண்மையில் வேலை செய்யும் நேரத்தை, அதாவது பணி நேரத்தை, தனியே கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு விமானம், அவசரத்துக்கென ஒதுக்கிய எரிபொருள் போக, 20 மணி நேரம் பறக்கும் என்றும், ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் 8 மணி நேரம் தரையில் இருக்கும் என்றும் வைத்துக்கொள்ளலாம். இலக்கு 650 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவும் 10 மணி நேரம் கழிந்து, பணி நேரம் 10 மணியாகச் சுருங்குகிறது. 28 மணி நேரச் சுழற்சியில் 10 மணி நேரமே பயன்படுவதால், இலக்கின்மீது எப்போதும் ஒரு விமானம் இருக்க 2.8 விமானங்கள் வேண்டும். பத்தில் ஏழு மட்டுமே பறக்கத் தகுதியான நிலையில் இருக்கும் என்றால் அந்தத் தேவை நான்காக உயரும். இலக்கு 975 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போனாலோ, பணி நேரம் 5 மணியாகக் குறைந்து, எட்டு விமானங்கள் தேவைப்படும். தொலைவு ஒன்றரை மடங்காகும்போது தேவை இரு மடங்காகிவிடுகிறது. 1,300 கிலோமீட்டரில் போய்த் திரும்பவே எரிபொருள் சரியாகிவிடுவதால், எத்தனை விமானங்களைக் குவித்தாலும் பயனில்லை.

இது தாளில் மட்டும் நிற்கும் கணக்கன்று. பிரிடேட்டர், ரீப்பர் வகை விமானங்களைப் பயன்படுத்திய அமெரிக்க விமானப்படை, ஓரிடத்தில் 24 மணி நேரமும் நீடிக்கும் இடைவிடாத காவலை ஓர் அலகாகக் கொண்டு, அலகு ஒன்றுக்கு நான்கு விமானங்கள் என்றே திட்டமிட்டது. அப்படியொரு பிரிடேட்டரை 24 மணி நேரம் வானில் நிறுத்த 168 பேர் தேவை என்பது 2011இல் அப்படையின் உயரதிகாரிகள் சொன்ன கணக்கு. செயற்கைக்கோள் வழியாகச் செல்லும் கட்டளை தாமதித்தே விமானத்தை அடைவதால், புறப்பாட்டையும் தரையிறக்கத்தையும் ஓடுபாதைக்கு அருகிலிருக்கும் ஒரு குழு நேரடி வானொலித் தொடர்பில் கவனிக்க, இடைப்பட்ட பயணத்தை நெவாடா மாநிலத்தின் கிரீச் தளம் போன்ற தொலைதூரத் தளங்களில் அமர்ந்திருக்கும் விமானிகளும் உணர்கருவி இயக்குநர்களும் முறைவைத்து நடத்தினர். வந்து குவியும் காணொளியைப் பார்த்துப் பொருள்கொள்வதற்கு மற்றொரு பெருங்கூட்டம் வேண்டியிருந்தது. விளைவு என்னவென்றால், 65 காவல் அலகுகளை எட்டியிருந்த அந்த உலகப் பெரும்படை, 2015இல் அவற்றை 60ஆகக் குறைக்க நேர்ந்தது. அதற்கு முதற்காரணம் விமானிகளின் பற்றாக்குறையும் சோர்வுமே. களைப்பே இல்லாதவை எனப் பெயர்பெற்ற விமானங்களின் காவலை மனிதக் களைப்பே குறைத்தது.

ஆள்பலம் போதுமானதாக இருந்தாலும் இயந்திரம் ஒத்துழைக்க வேண்டும். 30 மணி நேரத்துக்கு மேல் பறக்கவல்ல குளோபல் ஹாக் என்னும் பெரிய கண்காணிப்பு விமானத்தின் ஒரு வகையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு ஆராய்ந்து 2011இல் அறிக்கை அளித்தது. முப்பது நாள் காலத்தில் 55 விழுக்காடு நேரமேனும் இலக்கின்மீது பயனுள்ள வகையில் இருக்க வேண்டும் என்பதே அதற்கு வகுக்கப்பட்ட தேவை. தொடர்ச்சியாகப் பறக்கவைத்தபோது அதில் பாதியைக்கூட அந்த அமைப்பால் எட்ட இயலவில்லை என்று அறிக்கை கூறியது. முக்கியமான பாகங்கள் அடிக்கடி பழுதானதும், புறப்பட்ட பறப்புகள் பாதியில் கைவிடப்பட்டதும், உதிரிப் பாகங்களுக்கான தேவை மிகுந்ததும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. ஒரே பறப்பில் சாதிக்கும் உச்சமும் மாதக்கணக்கில் நிலைக்கும் சராசரியும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடுகிறது.

பெரிய விமானங்கள் அப்படித்தான், சிறியவை மலிவானவை, எளிதாகப் பறப்பவை, அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. உக்ரைன் போரின் முதல் மாதங்களை ஆராய்ந்து 2022இல் பிரிட்டனின் ருசி என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, நான்கு சுழலிகள் கொண்ட சிறு டிரோனின் சராசரி ஆயுள் ஏறத்தாழ மூன்று பறப்புகள் என்றும், நிலையான இறக்கை கொண்டதற்கு ஏறத்தாழ ஆறு பறப்புகள் என்றும் மதிப்பிட்டது. மின்கலத்தை மாற்றச் சில நிமிடங்களே ஆகும் கருவி நாளுக்குப் பத்து முறை பறக்கும் என்று கணக்கிடுவோர், அது நான்காவது முறை பறப்பதற்கு மிஞ்சியிருக்குமா என்று கேட்பதில்லை. அத்தகைய போரில் பறப்பு வீதத்தை முடிவுசெய்வது தரை நேரத்தைவிட இழப்பு வீதமும், இழந்ததை ஈடுசெய்யும் தொழிற்சாலையின் வேகமுமே ஆகும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஏர்பஸ் நிறுவனத்தின் செஃபிர் என்னும் சூரிய ஆற்றல் விமானம். 2022இல் அது 64 நாள்கள் தொடர்ந்து வானில் இருந்தது உண்மை. ஆனால் சில கிலோ எடையுள்ள கருவிகளை மட்டுமே சுமக்கும் அளவுக்கு எல்லாவற்றையும் துறந்ததால்தான் அந்த நீடிப்பு கிடைத்தது. அந்தப் பறப்பும் அரிசோனாவில் விபத்தில்தான் முடிந்தது. தானே புறப்பட்டுத் தானே தரையிறங்கும் தொழில்நுட்பம் ஆள்தேவையின் ஒரு பகுதியைக் குறைக்கும் என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. எனினும் எஞ்சின் பராமரிப்பையோ, போக்குவரத்துத் தொலைவையோ அது சற்றும் குறைக்காது.

இந்தியாவில் இந்தக் கணக்கைப் பார்க்க அரக்கோணம் போதும். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2020 நவம்பர் முதல் குத்தகைக்கு எடுக்கப்பட்ட இரண்டு எம்.க்யூ.-9 வகை விமானங்கள் இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்தன. முதல் இரண்டு ஆண்டுகளில் அவை 10,000 மணி நேரம் பறந்ததாக உற்பத்தி நிறுவனம் அறிவித்தது. இது நல்ல செயல்பாடே. ஆயினும் இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் ஒரே ஒரு விமானம் வானில் இருப்பதற்கு 17,520 மணி நேரம் வேண்டும் என்பதையும், அந்த 10,000 மணியிலும் போய்வரும் நேரம் அடங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு விமானங்கள் ஓர் இடத்தின் முழுநேரக் காவலுக்குப் போதா என்பது விளங்கும். 2024 செப்டம்பரில் அவற்றுள் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் வங்கக் கடலில் இறக்கப்பட்டபோது, தொகுதியில் பாதி ஒரே நாளில் இல்லாமற்போயிற்று.

அதற்கடுத்த மாதமே 31 எம்.க்யூ.-9பி விமானங்களை வாங்க இந்திய அரசு ஒப்பந்தம் செய்தது. அதே நாளில் அவற்றை இந்தியாவிலேயே பழுதுபார்த்துப் பராமரிப்பதற்கெனத் தனியாக இன்னோர் ஒப்பந்தமும் கையெழுத்தானது. பேசப்பட்டதெல்லாம் முதல் ஒப்பந்தத்தைப் பற்றியே. இரண்டாவதுதான் அந்த 31இல் எத்தனை பறக்கும் என்பதைத் தீர்மானிக்கப்போகிறது. ஆகவே இத்தகைய கொள்முதலை மதிப்பிடுவோர், எத்தனை விமானங்கள், எத்தனை மணி நேரம் பறக்கவல்லவை என்பனவற்றோடு நின்றுவிடாமல், எவ்வளவு தொலைவில், எத்தனை குழுக்களைக் கொண்டு, எந்த உதிரிப் பாக இருப்போடு, மாதத்துக்கு எத்தனை மணி நேரப் பணி உறுதிசெய்யப்படுகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை தராத எந்த அறிவிப்பும் விமானங்களை எண்ணிச் சொல்லும் பட்டியலே தவிர, பாதுகாப்பைப் பற்றிய கணிப்பாகாது.